அந்தக் காயை ஆய்ந்தது யார்

எனக்கு முதல் கரு கலைந்த கிழமையிலேயே எங்கள் வளவின் பின்பக்கம் நின்ற பப்பாசி மரம் வெட்டப்பட்டது. வெட்டச் சொன்னவர் மாமி. வெட்டியவர் அவருடைய மகன், என் கணவர். நான் ஆஸ்பத்திரியால் வந்து அறைக்குள் படுத்திருந்தேன். கத்தி நாலு தரம் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு காய்களோடு மரம் வாழைகளுக்குள் சாய்ந்த சத்தம் கேட்டது.

"வேரையும் கிண்டு தம்பி. திரும்பத் தளிர்க்கக் கூடாது" என்று மாமி சொன்னார்.

என் கணவர் மண்வெட்டி எடுக்கப் போனார். காய்த்து நிற்கிற ஒரு மரத்தை ஏன் இவ்வளவு அவசரமாக வெட்டவேண்டும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசிக்கத் தொடங்கியது இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டு அக்கா மல்லித்தண்ணீர் கொண்டுவந்தபோதுதான்.

நான் உடுவிலில் பிறந்தவள். கலியாணம் முடித்துக் கோப்பாய்க்கு வந்தேன். அவர் தபால் கந்தோரில் எழுதுவினைஞர். தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. வீட்டில் அவரும் மாமியும் நானும் மட்டும். நான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். ஆசிரியர் பயிற்சிக்குத் தெரிவானால் வேலை நிரந்தரமாகும் என்று அதற்காகக் காத்திருந்த நேரம் அது. கரு தங்கியிருக்கிறது என்று தெரிந்த அன்று நான் அவரிடம், "இப்ப வேண்டாமே. பயிற்சி முடிஞ்சாப் பிறகு எண்டால் நல்லாய் இருந்திருக்கும்" என்று சொல்லியிருந்தேன். சொன்னது ஒரு தரம்தான். அடுத்த நாளே மனம் மாறிப் பிள்ளைக்குப் பெயர் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மூன்றாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஆட்டிறைச்சியில் ஒரு பங்கு வாங்கிவந்தார். ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கிடாயை அடித்துப் பங்கு போடுவார்கள். அன்றைய கிடாய் முற்றல். அவர் இறைச்சியை வெட்டிக் கொடுக்க, மாமி சட்டியில் வைத்தார். எனக்குக் குசினி மணம் ஆகவில்லை, படுத்துவிட்டேன். மத்தியானம் எழும்பிப் பார்க்கும்போது கறி காய்ச்சி முடிந்திருந்தது. முற்றல் இறைச்சி என்று சொல்லமுடியாதபடி பஞ்சுபோல அவிந்திருந்தது. பல நாளைக்குப் பிறகு ஆசையாகச் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் எனக்கு இரத்தம் பட்டது. அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "உது நடக்கிறதுதான் பிள்ளை. அடுத்த முறை சரிவரும்" என்று டொக்டர் சொன்னார்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து கட்டில் விளிம்பில் இருந்தார். மாமி கிணற்றடியில் நின்றார். அக்கா வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கேக்கிறன் எண்டு குறை நினையாதை. நீங்கள் கிட்டடியிலை பப்பாசிக்காய்க் கறி வைச்சனீங்களோ?"

"இல்லையே அக்கா. ஏன்?"

"வேலிக்கரைக் குப்பையிலை பச்சைத் தோல் கிடந்தது. நீங்கள் இறைச்சி காய்ச்சின அண்டு. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டிலை ஆர் பப்பாசிக்காய் எடுப்பினம் எண்டு யோசிச்சன். அதுதான்."

முற்றிய இறைச்சி கெதியாக அவியப் பப்பாசிக்காய்த் துண்டு போடுவார்கள். அது எனக்கும் தெரியும். போட்டால் கரைந்துவிடும், கறியில் தெரியாது. கர்ப்பிணிகள் பப்பாசிக்காய் தொடக்கூடாது என்பதும் எங்கள் ஊரில் தெரியாத பெண் இல்லை. மாமிக்குத் தெரியாமல் இருக்குமா? மூன்று பிள்ளைகளைப் பெற்று இரண்டைப் பறிகொடுத்தவர் அவர். அப்படியானால் தெரிந்துதான் போட்டாரா?

அந்தக் கேள்வி வந்த பிறகு மற்றவையெல்லாம் தாமாக வந்து அதன் பின்னால் வரிசையில் நின்றன. தன் தம்பியின் மகளைத்தான் மாமி மருமகளாக்க நினைத்திருந்தார் என்று கலியாண வீட்டிலேயே யாரோ எனக்குச் சொல்லியிருந்தார்கள். கறியைப் போடும்போது "வடிவாய்ச் சாப்பிடு" என்று அவர் இரண்டு தரம் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று அவர் அந்தக் கறியைத் தொடவில்லை. அவருக்குப் பல் சரியில்லை, இறைச்சி எப்போதாவதுதான் சாப்பிடுவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒரு சாட்சியாக எடுத்து வைத்துக்கொண்டேன். கடைசியாக மரம். வெட்டி, வேரையும் கிண்டியாயிற்று.

அவரிடம் ஒரு தரம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "அண்டைக்கு இறைச்சி எப்பிடி அவ்வளவு கெதியா அவிஞ்சது?"

அவர் சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். "விறகு நல்ல விறகு" என்றார். அதோடு கந்தோருக்குப் போய்விட்டார். தாயைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் இப்படியே போனது. அதற்குள் யுத்தம் முற்றி மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் கிடைப்பது அருமையாயிற்று. சீனிக்குப் பதில் பனங்கட்டி, சவுக்காரத்துக்குப் பதில் பனம்பழம் என்று வீடு மாறியது. வானத்தில் விமானம் சுற்றினால் மாமியும் நானும் ஒரே பதுங்குகுழிக்குள்தான் குந்தியிருப்போம். வெளியே வந்ததும் அவர் வைத்த தேத்தண்ணியை நான் ஆறவிட்டு வாழைக்கு ஊற்றுவேன். இதை இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று அது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

மீண்டும் கரு தங்கியபோது, "அம்மாவுக்கு இப்ப சொல்லவேண்டாம்" என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

"ஏன்?"

"மூண்டு மாசம் போகட்டும்."

அவர் சரி என்றார். ஆனால் மாமி எட்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார். எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. என்னை அவ்வளவு கூர்ந்து பார்க்கிறார் என்பது மட்டும் விளங்கியது.

எங்கள் பகுதிக்கு ஒரு மருத்துவமாது இருந்தார். ஐம்பது வயதிருக்கும், கட்டையான தலைமயிர், சைக்கிளில் வருவார். மிசி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பதிவதற்குப் போன அன்று அவர் எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடிக்கவேண்டும். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. முட்டையை அரை அவியலாகச் சாப்பிடக் கூடாது. வெங்காயத் தோட்டத்துக்குள் முளைத்த கீரை என்றால், மருந்து அடித்து எத்தனை நாள் என்று தோட்டக்காரரிடம் கேட்காமல் பிடுங்கக் கூடாது. முருங்கையிலை, பயறு, நெத்தலிக் கருவாடு நல்லது. பப்பாசிக்காய் வேண்டாம். பழைய கறி வேண்டாம். கை கழுவாமல் எதையும் தொட வேண்டாம்.

"வீட்டிலை ஆர் சமைக்கிறது?" என்று மிசி கேட்டார்.

"மாமி. ஆனால் இனி நான் தனியாய்ச் சமைக்கப்போறன்."

மிசி கொப்பியில் இருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப எழுதினார்.

மிசி சொன்னதெல்லாம் எனக்கு ஆயுதமாயிற்று. மாமி ஒரு கோப்பை பால் தந்தால், "மிசி என்னைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னவ" என்று திருப்பி அடுப்பில் வைப்பேன். அவர் ஏற்கெனவே காய்ச்சின பால் அது. கீரை கடைந்தால், "மருந்தடிச்ச கீரையோ தெரியாது மாமி" என்று ஒதுக்கிவிடுவேன். எனக்கென்று ஒரு சின்னச் சட்டி, ஒரு பானை, ஒரு பேணி. தண்ணீரைக் கொதிக்க வைத்துப் போத்தல்களில் ஊற்றி என் அறைக்குள் வைத்தேன். குசினியில் மாமியின் அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று கல்லை வைத்து என் அடுப்பை மூட்டினேன். விறகு தட்டுப்பாடான காலத்தில் இரண்டு அடுப்பு. மாமி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் சொல்லாதது என் சந்தேகத்தைக் கூட்டியது.

அவர் செய்த வேறு காரியங்களும் இருந்தன. குசினித் தட்டில் எப்போதும் இருக்கும் எள்ளு டின் ஒருநாள் காணாமல் போனது. தேடினால், அது மாமியின் பெட்டகத்துக்குள் சீலைகளுக்கு அடியில் இருந்தது. பள்ளிக்கூடத்தால் வந்தால் என் பையை வாங்கி வைப்பதுபோல வாங்கி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். "வழியிலை ஏதும் வாங்கித் திண்டனியோ?" என்று கேட்பார். நான் சாப்பிடும்போது குசினி வாசலில் வந்து நின்றுவிட்டுப் போவார். எனக்கு மிகவும் பயம் தந்தது வேறொன்று. காலையில் முற்றம் கூட்டி முடித்த பிறகு, வேலிக்கரைக் குப்பையை ஒரு தடியால் கிளறிப் பார்ப்பார். தினமும் பார்ப்பார். தான் போட்டது ஏதும் வெளியே தெரிகிறதா என்று பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். அவர் உள்ளே போனதும் நானும் போய் அதே குப்பையை அதே தடியால் கிளறினேன்.

ஒருநாள் அச்சுவேலிச் சந்தைக்குப் போய்வந்த அக்கா எனக்கு ஆசைக்கு ஒரு துண்டு அன்னாசி கொண்டுவந்தார். மாமி அதை வாசலிலேயே வாங்கிக்கொண்டு, "அவவுக்கு உது ஒத்துவராது" என்று சொல்லி ஆட்டுக்குப் போட்டார். அக்கா போன பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ கேட்டு அனுப்பினனியோ?"

"இல்லை மாமி."

"உண்மையாயோ?"

என்னை ஏன் இவர் விசாரிக்கிறார் என்றுதான் யோசித்தேன்.

ஆறாம் மாதம், பள்ளிக்கூடம் விடுமுறை. குருநகரில் இருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஒருவர் எங்கள் ஒழுங்கைக்கு வருவார். தூரக் கடலுக்குப் போகத் தடை. கரையோடு பிடிக்கும் ஒட்டியும் திரளியும்தான் பெட்டியில் இருக்கும். அந்த மனிதரை நான் நம்பினேன். பழுது என்றால் பழுது என்று சொல்லிவிடுவார். அன்று நாலு ஒட்டி தந்தார். செவுளைத் திறந்து காட்டினார். சிவப்பாக இருந்தது.

"விடியப் பட்டது தங்கச்சி. ஆனால் ஐஸ் இல்லை, பாருங்கோ. இண்டைக்கே காய்ச்சி இண்டைக்கே முடியுங்கோ. உங்கடை நிலையிலை நாளைக்கு வைக்க வேண்டாம்."

நான் என் சட்டியில் புளி விட்டு, நிறைய மிளகாய்த்தூள் போட்டுக் குழம்பு வைத்தேன். மத்தியானம் இரண்டு மீனைச் சாப்பிட்டேன். மற்ற இரண்டையும் குசினியில் விட மனம் வரவில்லை. நான் இல்லாத நேரத்தில் யார் மூடியைத் திறக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? சட்டியை அப்படியே கொண்டுபோய் அறையில் அலுமாரிக்குள் சீலைகளைத் தள்ளிவிட்டு வைத்துப் பூட்டினேன். மாமியின் மீன் குழம்பு அடுத்த நாளும் பழுதாகாமல் இருப்பதற்குக் காரணம், அவர் பொழுதுபடவும் காலையும் அதை அடுப்பில் கொதிக்க வைத்து இறக்குவதுதான். அது எனக்குத் தெரியும். ஆனால் சூடாக்குவதென்றால் சட்டியோடு மாமிக்கு முன்னால் போகவேண்டும். அறைக்குள் மீன் சட்டி ஏன் இருந்தது என்று சொல்லவேண்டும். போகவில்லை.

காலையில் அவித்த பிட்டோடு அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். சற்றுப் புளிப்புக் கூடியதுபோல இருந்தது. புளி கூடிப்போயிற்று என்று நினைத்தேன்.

பத்து மணிக்குள் சத்தி தொடங்கியது. பிறகு வயிற்றாலும் போனது. வயிறு இழுத்து இழுத்துக் குத்தியது. நல்லகாலம், அவர் அன்று லீவில் வீட்டில் நின்றார். நான் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்க, மாமி ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"என்ன திண்டனி? உண்மையைச் சொல்லு. என்ன திண்டனி?"

"நீங்கள் என்ன போட்டனீங்கள்?" என்று நான் கேட்டேன். வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். மாமிக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. அவர் மகனைக் கூப்பிட்டுச் சைக்கிளை எடுக்கச் சொன்னார்.

என்னைக் கரியரில் இருத்தி என் கணவர் உருட்டிக்கொண்டு போனார். மாமி ஒரு கையால் என் முதுகைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். கிளினிக் கிட்டத்தான். போகும் வழியில் இரண்டு தரம் நிற்பாட்டினோம். அந்தக் கையைத் தட்டிவிடவேண்டும் என்று எனக்கு இருந்தது. ஆனால் அந்தக் கை இல்லாவிட்டால் விழுந்துவிடுவேன்.

மிசி என்னை நீள மர வாங்கில் படுக்கவைத்துவிட்டு வெளியே போய் மாமியோடு கொஞ்சநேரம் கதைத்தார். திரும்பிவந்து, மரக்குழலை என் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் கேட்டார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"துடிப்பு நல்லாய்க் கிடக்கு. இரத்தம் ஏதும் பட்டதோ?"

"இல்லை மிசி."

"சரி. இப்ப சொல்லு, கடைசியாய் என்ன சாப்பிட்டனி?"

மீன் குழம்பு என்றேன். எப்போது வைத்தது, எங்கே வைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அலுமாரிக்குள் என்று சொன்னபோது அவர் எழுதுவதை நிற்பாட்டினார்.

"இந்த வெயிலுக்கை, பூட்டின அலுமாரிக்கை, ஒரு நாள் முழுக்க. சூடும் காட்டேல்லை."

"ஓம் மிசி."

"கறி பழுதாய்ப்போச்சு பிள்ளை. வேறை ஒண்டும் இல்லை. நீயே வைச்சு, நீயே பூட்டி, நீயே சாப்பிட்டிருக்கிறாய்."

நான் அப்போதும் விடவில்லை. யாருக்கும் கேட்காதபடி கேட்டேன். "மிசி, ஒராளுக்குத் தெரியாமல் பப்பாசிக்காயைக் கறியிலை போட்டுக் குடுத்தால் பிள்ளை கரையுமோ? முதல் பிள்ளை அப்பிடித்தான் போனது. மாமி எனக்குத் தந்தவ."

மிசி கண்ணாடியைக் கழற்றினார்.

"உன்ரை மாமி இப்ப வெளியிலை வைச்சு என்னட்டை என்ன கேட்டவ தெரியுமோ?"

"என்ன?"

"'முந்தின முறை பப்பாசிக்காயை ஆய்ஞ்சு திண்டு கரைச்சவ. இந்த முறையும் ஏதும் திண்டிருக்கிறாவோ எண்டு பாருங்கோ மிசி' எண்டு."

நான் எழும்பி இருந்துவிட்டேன். "நானோ?"

"நீ எண்டுதான் அவ நினைச்சுக்கொண்டிருக்கிறா."

மிசி வாசலுக்குப் போய் மாமியை உள்ளே கூப்பிட்டார். மாமி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கின் அருகில் நின்றார். என் கணவர் வாசல்படியோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிசி மறைத்துப் பேசவில்லை. நான் சொன்னதை மாமிக்கும், மாமி சொன்னதை எனக்குமாக ஒரு தரம் உரக்கச் சொன்னார்.

மாமி என்னை நேரே பார்த்தார். "நீ அந்தக் காயை ஆயேல்லையோ?"

"இல்லை மாமி. நான் ஏன் ஆயிறன்?"

"'இப்ப வேண்டாம்' எண்டு நீ தம்பிக்குச் சொன்னதை நான் கேட்டனான். பிறகு மரத்தைப் பாக்க ஒரு காயைக் காணேல்லை. காம்பிலை பால் வடிஞ்சு கிடந்தது. குப்பையிலை தோல். நான் வேறை என்ன நினைக்கிறது? அதுதான் மரத்தையே தறிக்கச் சொன்னன். இன்னொருக்கால் உன்ரை கைக்கு எட்டக்கூடாது எண்டு."

"நீங்கள்தான் இறைச்சிக்கை போட்டனீங்கள் எண்டு நான் நினைச்சன்."

"நானோ? என்ரை பேரப்பிள்ளைக்கோ?"

குரல் உயரவில்லை. அவருக்கு அந்த யோசனையே புதிதாக இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. கருவுக்குச் சூடென்று ஒளித்த எள்ளு டின், ஆட்டுக்குப் போட்ட அன்னாசி, குப்பையைக் கிளறிய தடி எல்லாம் எனக்கு அந்த நிமிடத்தில் வேறொரு கணக்காகத் தெரிந்தன. அவர் என்னிடமிருந்து பிள்ளையைக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நானும் அவரிடமிருந்து அதையே செய்துகொண்டு இருந்திருக்கிறேன்.

"அப்ப ஆர் ஆய்ஞ்சது?" என்று மிசி கேட்டார்.

வாசலில் சைக்கிள் மணி ஒரு தரம் சிணுங்கியது. அவருடைய கை பட்டிருக்கவேண்டும். நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"நான்தான்" என்றார்.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்று மாமி சட்டியை வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். அடுப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். இறைச்சி அவிகிற வழியாக இல்லை. படிக்கிற காலத்தில் போர்டிங்கில் சமையல்காரர் பப்பாசிக்காய் போடுவதைக் கண்டிருந்தார். ஒரு காயை ஆய்ந்து, தோலைச் சீவி, நாலு துண்டு போட்டார். மிச்சத்தை ஆட்டுக்குக் கொடுத்தார். கர்ப்பிணிக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியாது. மரத்தைத் தறி என்று தாய் சொல்லி, ஏன் என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்று மிசி கேட்டார்.

"பயந்திட்டன்."

நான் அவரைக் கேட்டேன். "நான் மாமியிலை சந்தேகப்பட்டது உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"மாமி என்னிலை சந்தேகப்பட்டது?"

"அதுவும் தெரியும்."

மாமி போத்தலில் இருந்த கொதித்தாறின தண்ணீரை ஊற்றி, மிசி தந்த உப்பையும் சீனியையும் அதற்குள் போட்டுக் கரண்டியால் கலக்கத் தொடங்கினார். கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கறிதான் பிள்ளையைக் கொண்டுபோனதா என்று மிசியிடம் கேட்டேன்.

"நல்லா அவிஞ்ச கறியிலை நாலு துண்டு. அதாலைதான் எண்டு நான் சொல்லமாட்டன். இல்லை எண்டும் சத்தியம் பண்ணமாட்டன். மூண்டு மாதத்துக்கை காரணம் தெரியாமலே போறது கனக்கப் பேருக்கு. காய் வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லுறது முன்காப்புக்கு. அதுக்காக ஒராளை ஒராள் குற்றவாளியாக்கிக்கொண்டு திரியாதையுங்கோ. இப்ப இருக்கிற பிள்ளையைப் பாருங்கோ. நாளைக்கும் வயித்தாலை போனால் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும், வீட்டிலை வைச்சிருக்கக் கூடாது."

வந்த மாதிரியே திரும்பினோம். நான் கரியரில், அவர் உருட்ட, மாமி பக்கத்தில். வழியில் மாமி ஒரு தரம் மட்டும், "நீ என்னை அப்பிடி நினைச்சனி" என்றார்.

"நீங்களும்தானே மாமி."

"ஓம்" என்றார்.

வீட்டுக்கு வந்து மாமி செய்த முதல் வேலை, அலுமாரியில் இருந்த சட்டியை எடுத்துக் பின்வளவில் கிடங்கு வெட்டிப் புதைத்தது. கழுவி எடுக்கக்கூட அவர் விரும்பவில்லை. பிறகு என் அடுப்பின் மூன்று கல்லையும் குசினிக்கு வெளியே தூக்கிப் போட்டார். என்னைக் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை. பொழுதுபட அரிசியைக் குழைய அவித்துக் கஞ்சி கொண்டுவந்தார். முன்னால் இருந்து, நான் குடிக்கும்வரை பார்த்தார். முன்பும் பார்ப்பார். அதே பார்வைதான். எனக்கு அப்போதும் அந்தக் கோப்பையை மணந்து பார்க்காமல் குடிக்க முடியவில்லை. அவர் அதைக் கண்டார். கண்டும் எழும்பிப் போகாமல் இருந்தார்.

மகனோடு மாமி ஒன்பது நாள் கதைக்கவில்லை. "சட்டியிலை கிடக்கு. போட்டுச் சாப்பிடச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். நானும் அவருக்குப் போட்டுக் கொடுக்கவில்லை. கந்தோரால் வந்து, தானே போட்டு, குசினி வாசலில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் பீங்கானைக் கழுவி வைப்பார். அவர் தெரியாமல் செய்த பிழையை எப்போதோ மன்னித்துவிட்டேன். மன்னிக்க அதில் அதிகம் இருக்கவில்லை. இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் ஒருத்தியில் ஒருத்தி சந்தேகப்பட்டுக் காவல் இருந்ததை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டு இருந்தாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் அவர் என்னிடம் வந்து, "சொன்னால் நீர் உடுவிலுக்குப் போயிடுவீர் எண்டு நினைச்சன்" என்றார்.

"போயிருப்பன்தான். ஆனால் திரும்பி வந்திருப்பன்" என்றேன்.

அது உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது.

மூன்று மாதம் கழித்து மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். செல் விழுந்து வெடிக்கும் சத்தத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாமி பத்தியக் கறி வைத்தார். மிளகு, உள்ளி, மஞ்சள் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவருவார். சுறாவுக்கு அலைந்து, குருநகர் மீன்காரரிடம் சொல்லி வைத்து, ஒருநாள் கிடைத்ததும் வறை வறுத்துத் தந்தார். பால் நன்றாகச் சுரந்தது. பால்மா கிடைக்காத அந்தக் காலத்தில் அது பெரிய காரியம்.

மகளுக்கு ஒரு வயது தாண்டிய பிறகு எனக்குப் பயிற்சிக்குக் கடிதம் வந்தது. பகலில் பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டுப் போகவேண்டும். முதல் நாள் காலையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினேன். எந்தப் பேணியில் எது, எத்தனை மணிக்கு எது, மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று மாமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து சொல்லத் தொடங்கினேன்.

"என்னிலை இன்னும் நம்பிக்கை இல்லையோ பிள்ளை?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இருக்கு மாமி" என்றேன். "ஆனால் எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு."

"அப்ப கேள். நான் சொல்லுறன்" என்றார்.

பின்னேரம் திரும்பி வந்ததும் கேட்டேன். பிள்ளை என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு, தண்ணீர் எந்தப் போத்தலில் இருந்து என்று. அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும். பயிற்சி முடியும்வரை ஒருநாளும் நான் கேட்காமல் விட்டதில்லை. அவரும் ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை.